மரக்கறிக் கடையில் உன் செடிகள்

செடிகள் செத்துப்போய்விட்டன என்று அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை.

வார்ட்டில் பார்வையாளர் நேரம் முடிய மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ ஒருபக்கமாகச் சரிந்து படுத்திருந்தாய். கையில் ஊசி ஏற்றி ஒட்டியிருந்த இடத்தை நான் பார்க்காமலிருக்க முயன்றதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "என்ட பிள்ளைகள் எப்படியடி?" என்று கேட்டாய். "நல்லா இருக்கினம்" என்றேன். "ஒண்டும் சாகேல்லையா?" "இல்லையடி." நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "நல்ல பிள்ளை" என்றாய். தாதி வந்து திரையை இழுத்தாள். நான் கிளம்பினேன். அந்த நேரம் எங்கள் பல்கனியில் இருந்த ஒன்பது தயிர்ச்சட்டிகளில் ஏழு, வெறும் ஈரமண்ணாக இருந்தன.

இதை உனக்கு எழுத நினைத்துப் பத்து மாதம் எழுதவில்லை. இப்போது எழுத முடிவதற்குக் காரணம், ஆறு கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை பெய்த மழை.

என்னை உனக்குத் தெரியும். மரக்கறி வாங்க நான் பஸ்கள் ஓடும் காலி வீதியிலிருக்கும் சுப்பர்மார்க்கட்டுக்குத்தான் போவேன். அங்கே ஒவ்வொன்றிலும் விலை ஒட்டியிருக்கும். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. கடற்கரைப் பக்க ஒழுங்கை முனையில் நீலப் படங்கைக் கூரையாகக் கட்டிய கடைக்குத்தான் நீ போவாய். அங்கிருந்து ஒரு கட்டு வல்லாரையோடு நீ திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆகும். "வல்லாரையை நட்டு முளைக்க வச்சா கொண்டு வாறாய்?" என்று நான் கேட்பேன். "கதைச்சுக்கொண்டு நிண்டனான்" என்பாய், அது ஒரு வேலை என்பதுபோல. நீ போன பிறகு அந்த ஒழுங்கையால் போவதையே விட்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை தண்ணீர்க் குழாய் போட எங்கள் வீதியைக் கிண்டி வைத்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு போகும்போது மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இல்லை. ஒதுங்க இருந்த ஒரே இடம் அந்த நீலப் படங்கு.

ஒன்றும் வாங்காமல் ஒருவரின் கடைக்குள் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் வாங்க வந்தவளைப் போல மரக்கறிகளைப் பார்க்கத் தொடங்கினேன். மரவள்ளி, பயித்தங்காய், லீக்ஸ், கரட், முட்டைக்கோவா, மண்ணோடு பீட்ரூட். கீரைக் கட்டுகளின்மேல் கடைக்கார அக்கா வாளியிலிருந்து கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் எட்டாத உயரத்தில், தராசு தொங்கிய கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அந்தப் பலகையில் ஆறு சின்னத் தயிர்ச்சட்டிகள்.

முதலில் நிறத்தைத்தான் கண்டேன். திருநீறு பூசியதைப்போல ஒரு வெளிறிய நீலம். இலை நுனியில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பு. பக்கத்துச் சட்டியில் பச்சைத் திராட்சை மணிகளைக் கயிற்றில் கோத்ததுபோல் ஒன்று. அடுத்ததில் முயல் காதுபோல ரோமம் அடர்ந்த இலை. எங்கள் பல்கனியில் இருந்த அதே சாதிகள். மரக்கறித் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

சக்குலன்ட் என்று கடைகளில் விற்கும் அந்தத் தடித்த இலைச் செடிகள்மேல் உனக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. நீ வேலை செய்த பல் கிளினிக்கிலிருந்து எல்லோரையும் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் ஸ்ட்ரோபெரி ஜாம் வாங்கி வந்தார்கள். நீ பிளாஸ்டிக் கோப்பையில் ஒரு செடியை வைத்துக்கொண்டு, ஆறு மணித்தியாலம் வான் வண்டியில் அதை மடியில் பிடித்தபடி வந்தாய். "இங்க பாரடி, இதுக்கு ஒண்டும் வேண்டாமாம். தண்ணி வேண்டாம், சாப்பாடு வேண்டாம், பக்கத்தில இருந்து கதைக்கவும் வேண்டாமாம். உன்ன மாதிரியே."

பிறகு ஒன்று ஒன்பதானது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் தயிரில் இனிப்புப் பாணி ஊற்றிச் சாப்பிட்டு முடித்த சட்டிகளை நீ எறிய விடுவதில்லை. கவிழ்த்து வைத்து, அடியில் ஆணியால் மெல்ல மெல்லத் தட்டி ஓட்டை போடுவாய். மூன்றில் ஒன்று உடையும். உடைந்ததற்காகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமளவு ஏசிவிட்டு, அடுத்ததை எடுப்பாய். கிளினிக்கில் கழித்துவிட்ட பல் கிண்டும் கொக்கிகளும் சின்னக் கண்ணாடியும் உன்னிடம் இருந்தன. கண்ணாடியை இலைகளுக்கு அடியில் நீட்டி, "வாயை நல்லாத் திறவுங்கோ" என்று செடிக்குச் சொல்லி, காய்ந்த இலையைக் கொக்கியால் எடுப்பாய். கடற்காற்றில் படியும் உப்பைப் பழைய தூரிகையால் துடைப்பாய். மழைக்காலத்தில் அவ்வளவு சட்டிகளும் பல்கனியிலிருந்து என் புத்தக அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே இடம் ஒதுக்குவேன்.

என் பழக்கம் வேறு. குளித்துவிட்டு வந்தால், வாயில் தேநீர் படுவதற்கு முன் துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். சின்ன வயதிலிருந்து வீட்டில் பழகியது. பக்தி என்று சொல்ல மாட்டேன், பல் துலக்குவதைப்போல. எங்கள் பல்கனி மூலையிலும் ஒரு துளசி வைத்திருந்தேன். செம்பில் மிஞ்சிய தண்ணீரைப் பக்கத்திலிருக்கும் எதற்காவது ஊற்றிவிடுவேன். கறிவேப்பிலைக் கன்று, கிளினிக்கிலிருந்து நீ கொண்டுவந்த மணிபிளாண்ட் இரண்டும் அப்படித்தான் போயின. மணிபிளாண்ட் செத்த அன்று நீ அதை வேரோடு தூக்கிப் பிடித்து, சொட்டச் சொட்ட என்னிடம் காட்டினாய். "உன்ட கையில களனி கங்கை ஓடுதடி. என்ட பிள்ளைகளுக்குக் கிட்ட வந்திராத."

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று உன்னிடம் ஒரு பையும் ஒரு கட்டளையும் இருந்தன. "கிழமைக்கு ஒரு கரண்டி. கரண்டி எண்டா தேக்கரண்டி. செம்பு இல்ல. விளங்குதா?" விளங்கியது என்று தலையாட்டினேன். விளங்கியும்தான் இருந்தது.

நாலாம் நாள் டொக்டர் உன் அம்மாவையும் என்னையும் வெளியே கூப்பிட்டு, இரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னார். அடுத்த நாள் காலை குளித்துவிட்டுச் செம்போடு பல்கனிக்குப் போனேன். துளசிக்கு ஊற்றவில்லை. உன் சட்டிகளுக்கு முன்னால் நின்று ஒரு நேர்த்தி வைத்தேன். நீ நடந்து இந்த வீட்டுக்குத் திரும்பி வரும்வரை, தினமும் குளித்து, பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல், முதல் செம்பு உன் பிள்ளைகளுக்கு.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. லைப்ரரியில் வேலை செய்கிறவள். நேர்த்தியைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று என்னால் அலுமாரி அலுமாரியாகக் காட்ட முடியும். சாமி கும்பிடுகிறாயா என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்புகிறவள். ஆனால் அன்றைக்கு உனக்காகச் செய்ய என் கையில் வேறு ஒன்றுமே இருக்கவில்லை. உன்னுடையது என்று சொல்ல உயிரோடு அந்த வீட்டில் இருந்தவையும் அவை மட்டும்தான். தேக்கரண்டியால் எப்படியடி நேர்த்தி வைப்பது?

எட்டாம் நாள் இலைகள் கண்ணாடிபோல் ஆயின. தொட்டால் விழுந்தன. விழுந்த இடத்தில் தண்டு கறுத்திருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததில் பாதியாவது எனக்கும் தெரியும். நீ வாங்கிய செடிப் புத்தகத்தை உனக்கு முன்பே வாசித்து முடித்தவள் நான். நிறுத்தியிருக்கலாம். ஆனால் வைத்த நேர்த்தியை நடுவில் விட்டால், நான் விட்டதால்தான் என்று ஆகிவிடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஊற்றினால் செடி சாகும். ஊற்றாவிட்டால்? அந்தக் கேள்வியை நான் முடிக்கவே இல்லை. ஊற்றினேன். கடைசியில் மண்ணுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ போன அன்று காலையும் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

உனக்கு வந்தது இரத்தத்தில் வந்த நோய். செடிகளுக்கு வந்தது தண்ணீரால் வந்த அழுகல். இரண்டுக்கும் இடையில் ஒரு நூல்கூட இல்லை. இதை நான் எனக்கே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது இந்தச் சொற்கள்தான். ஒன்பதையும் கொன்றவள். கேட்டபோது, கடைசியாகக் கேட்டபோது, முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவள்.

அதோடு முடியவுமில்லை. தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உன் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "மகள், அவளின்ட செடியில ஒண்டு கொண்டு வந்து தாறியா? கல்லறையில வைப்பம்." "ஓம் அன்ரி, கொண்டு வாறன்" என்றேன். வாய் அதுவாகவே சொன்னது.

அதன் பிறகு நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகவில்லை. அன்ரி இரண்டு முறை போனில் கூப்பிட்டார். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்மஸுக்கு யாரிடமோ கேக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைத் திறக்காமலே கீழே வாட்ச்சரிடம் கொடுத்துவிட்டேன். தெஹிவளையில் ஒரு நேர்சரிக்கு இரண்டு தடவை போனேன். உன்னுடையதைப்போல ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்ன பொய்யை உன் கல்லறையில் நட்டுவைப்பதாக இருக்கும். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தப் பத்து மாதத்தையும் சுமந்துகொண்டுதான் அந்தப் படங்கின்கீழ் நின்றேன்.

"உள்ளுக்கு வாங்க மிஸ், படங்குத் தண்ணி தலையில விழுது" என்றார் கடைக்கார அக்கா. மலையகப் பக்கத்துப் பேச்சு. தெமட்டகொடையிலிருந்து தினமும் விடிய வருகிறார், பெயர் ராணி என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, அது விக்கிறதா?"

"எது, கோவாவா? விக்காம? பாத்துக்கிட்டு இருக்கவா வச்சிருக்கேன்?"

"இல்லை. மேல இருக்கிற செடி."

ராணியக்கா அண்ணாந்து பார்த்தார். "அது விக்கிறது இல்ல மிஸ். நாலு பேரு கேட்டுட்டாங்க. அது ஒருத்தவங்க குடுத்து வச்சது."

"ஆர் குடுத்தது?"

"பல்லு கிளினிக்ல வேல செஞ்ச மிஸ் ஒண்ணு. சிரிச்சா இந்தத் தராசே ஆடும்."

அதற்குள் குடையோடு ஒரு சிங்கள நோனா வந்து, "போஞ்சி கீயத?" என்று போஞ்சிக்காய் விலை கேட்டார். ராணியக்கா சிங்களத்தில் விலை சொன்னார். நோனா குறைத்துக் கேட்டார். இரண்டு பேரும் மூச்சு விடாமல் வாதாடினார்கள். நோனா கடைசியில், அக்கா முதலில் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, கொசுறாகக் கறிவேப்பிலையும் பிடுங்கிக்கொண்டு போனார். "மழ பேஞ்சாலும் வந்துரும் இது" என்று எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் முணுமுணுத்துவிட்டு, ராணியக்கா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"அந்த மிஸ்ஸத் தெரியுமா உங்களுக்கு? இப்ப ஆளே காணோம். கலியாணம் கட்டிக்கிட்டு வெளிநாடு போயிருச்சுன்னு நெனச்சேன். எனக்குக் கோவந்தான். போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

உன்னைப் பற்றி நான் எல்லோரிடமும் 'போய்விட்டாள்', 'இல்லை' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சொற்கள் உதவாது. உன்மேல் ஒருத்தி நியாயமில்லாமல் கோபித்துக்கொண்டிருந்தாள்.

"அவ செத்துப்போயிட்டா அக்கா. ஆஸ்பத்திரியில. பத்து மாசம் ஆகுது."

ராணியக்கா கையிலிருந்த போஞ்சியைக் கூடையில் வைத்தார். பிறகு உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். "அந்தச் சிரிப்பா?" என்றார். மழை படங்கில் கொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து, எனக்கு ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பிளாஸ்கிலிருந்து மூடியில் பிளேன்டீ ஊற்றித் தந்தார். சீனி அதிகமாக இருந்தது, முழுவதையும் குடித்தேன்.

"நீங்க அதுக்குச் சொந்தமா?"

"இல்லை. ஒரே வீட்டில இருந்தம். ஐஞ்சு வருசம்."

ராணியக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "அப்ப நீங்கதானா அந்தத் தண்ணி மிஸ்?"

"என்ன?"

"தண்ணி ஊத்துற மிஸ்! ஐயோ, உங்களப் பத்திச் சொல்லாத நாளே இல்லையே. புஸ்தகம் படிக்கும், ஆளுங்களக் கண்டா ஒளிஞ்சுக்கும், எதக் கண்டாலும் தண்ணி ஊத்தும்னு." அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளு வந்துச்சு. பேப்பர்ல எலயா சுத்திக்கிட்டு, ஒவ்வொரு சாதியிலயும் ரெண்டு ரெண்டு. சட்டியும் கொண்டாந்துச்சு. அக்கா, இத காஞ்ச மண்ணு மேல சும்மா போட்டு வைங்க, வேர் விடும்னு சொல்லிச்சு. நா கேட்டேன், ஏன், வீட்ல பாத்துக்க ஆளு இல்லையான்னு. 'இருக்கா அக்கா, அதுதான் பயம்'னு சிரிச்சுச்சு."

நான் மூடியைக் கீழே வைத்தேன்.

"'நா அந்தப் பக்கம் போனதும் அவ ஊத்துவா. எம்மேல இருக்கிற பாசத்துல ஊத்துவா. நிப்பாட்டச் சொல்லவும் ஏலாது, பாவம். ஒண்ணு மிஞ்சாது வீட்ல'ன்னு சொல்லிச்சு. இதையே ரெண்டு தரம் சொல்லிச்சு. திரும்பி வந்து வாங்கிக்கிறேன்னு போச்சு." ராணியக்கா பலகையைப் பார்த்தார். "ஒம்போதுல ஆறு பொழச்சுச்சு மிஸ். மூணு போச்சு. நானுந்தான் கொன்னேன்."

அந்தப் பெட்டியில் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. யாரும் பார்க்காத இடத்தில் மட்டும் அழுகிறவள், காலி வீதிக்குப் பத்து அடி தள்ளி, லீக்ஸ் கட்டுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். ராணியக்கா தடுக்கவில்லை. இடையில் இரண்டு பேருக்கு வியாபாரமும் பார்த்தார்.

'நல்ல பிள்ளை' என்று நீ சொன்ன விதத்தை நான் பத்து மாதமாக என் பொய்யை நம்பியவள் சொன்னதாகவே கேட்டு வந்திருக்கிறேன். இப்போது அதே சொற்களைத் திரும்பக் கேட்கிறேன். ஒன்றும் சாகவில்லையா என்று கேட்டபோது உனக்குப் பதில் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் நீ கேட்டது செடிகளைப் பற்றியா, நான் எப்படித் தாங்குகிறேன் என்றா? இனி உன்னிடம் கேட்க முடியாது. நானே இட்டுக்கட்டவும் விரும்பவில்லை. எனக்குக் கிடைத்தது போதும். நீ என்னை நம்பி ஏமாந்து போகவில்லை. என்னைத் தெரிந்து, என் பிழைக்கும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமல் போயிருக்கிறாய். மழை விட்டபோது எனக்குப் பசித்தது. அவ்வளவு நாட்களில் முதல் தடவையாக உண்மையாகப் பசித்தது.

ராணியக்கா ஆறையும் தர வந்தார். இரண்டு போதும் என்றேன். அன்ரிக்கு ஒன்று, கல்லறைக்கு ஒன்று. "உங்களுக்கு?" என்றார். பிறகு அவரே, "வேணாம், இங்கயே வந்து பாத்துட்டுப் போங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார். நீ இருந்திருந்தால் தராசு ஆடியிருக்கும்.

மறுநாள் ஞாயிறு. மடியில் இரண்டு சட்டிகளோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "மேக்க மொக்கக்த நங்கி? எளவளுத?" என்று கேட்டார், அது மரக்கறியா என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. மரக்கறிக் கடையிலிருந்துதான் வருகிறது என்று சொன்னேன்; அவர் நம்பிக்கையோடு தலையாட்டினார். புறக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ் ஏறும்வரை எனக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இவை உன்னுடைய செடிகளிலிருந்து வந்தவைதான். ஒன்றும் சொல்லாமல் நீட்டினால் பொய்யாகாது. அன்ரி வாங்கிக்கொள்வார். எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தது போதும் என்று இருந்தது.

அன்ரி கதவைத் திறந்தவுடனேயே சொல்லத் தொடங்கிவிட்டேன். உள்ளே வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நேர்த்தி, செம்பு, அழுகல், வார்ட்டில் சொன்ன பொய், எடுக்காத போன், வாட்ச்சருக்குக் கொடுத்த கேக். அன்ரி கதவுப் பிடியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "கேக்கையுமா?" என்றார். "நல்ல முந்திரி போட்டுச் செய்தனான்."

"அன்ரி, நீங்க செடி கேட்டீங்கள். என்னட்ட ஒண்டும் இருக்கேல்ல. எப்படி வாறது?"

"செடி ஆருக்கு வேணும் பிள்ளை?" அவருடைய குரல் அப்போதுதான் உடைந்தது. "சும்மா வா எண்டு கூப்பிட்டா நீ வரமாட்டாயாம். கூச்சப்படுவியாம். ஏதாவது கொண்டு வரச் சொன்னாத்தான் வருவாளம்மா எண்டு அவள்தான் எப்பவும் சொல்லுவாள். அதுதான் கேட்டனான். உன்ன வரவைக்கக் கேட்டனான்."

வரவைக்கக் கேட்டதாலேயே நான் வரவில்லை. நீ எனக்காகப் போட்ட கணக்கில் பிழையாகிப்போன இடம் இது ஒன்றுதான்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் நான் நேர்த்தியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அன்ரி தட்டை என் முன்னால் வைத்தபடி, "நானும் செவ்வாய் தவறாம மெழுகுதிரி கொளுத்தினனான்" என்றார். "அதுவும் உருகித்தானே போச்சு. நான் என்ன, மெழுகுதிரியக் கொன்றிட்டன் எண்டு அழுறதா? சாப்பிடு."

சாப்பிட்டேன். இறால் கறி. நீ எலும்பும் தோலுமாக இருந்த கிழமைகளில் வார்ட்டில் இருந்து கேட்டுக்கொண்டேயிருந்த அதே கறி. அன்ரியும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அது மறைத்தது ஆகாது என்று நினைக்கிறேன்.

உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்: என்னை முழுதாகத் தெரிந்த ஒருத்தி, நான் செய்யப்போகும் பிழையையும் சேர்த்தே என்னோடு ஐந்து வருடம் இருந்திருக்கிறாள். அப்படி ஒருவரால் இருக்க முடியும் என்பது எனக்கு இப்போது தெரியும். என்னாலும் யாருக்காவது அப்படி இருக்க முடியுமா என்று பார்க்கவேண்டும். சனிக்கிழமைகளில் நீலப் படங்கின்கீழ் நின்று கதைக்கப் பழகிவருகிறேன். நேற்று இருபது நிமிடம்.

கல்லறையில் வைத்த செடி போன கிழமை மழையில் அழுகிப்போனது. அன்ரியின் யன்னலில் இருப்பது ஒரு புது இலை விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொட்டாஞ்சேனையில் சாப்பிடுகிறேன்.